பெயர் வரும் இடத்தில் அழுத குரல்

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் இருந்தது மொத்தம் நாலு பேர். கல்லாவுக்குப் பக்கத்தில் நான். துடைத்த கிரைண்டரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். எங்கள் தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு மாவு வாங்க வந்த மைக்செட் அண்ணன். ஆனையூரில் நாங்கள் இட்லி மாவுக் கடை போட்டுச் சில வருஷம் ஆகிறது. ஆபீஸ் விட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில், கடையில் நாலே பேர், அதிலும் ரெண்டு பேர் நாங்களே என்றால் என்ன அர்த்தம் என்று வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு குரல் செய்த வேலை. அதற்கு முந்தின வாரம் எங்கள் பகுதிக்காரர்களின் போன் குரூப்பில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசிய ஆடியோ வந்தது. ஆனையூரில் பச்சை ஷட்டர் போட்ட ஒரு மாவுக் கடை, மாவு சீக்கிரம் பொங்குவதற்குச் சோடாவும் என்னமோ ஒரு பவுடரும் கலக்கிறார்கள், அந்த இட்லியைத் தின்ற என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள் என்று அந்தக் குரல் கெஞ்சியது. பச்சை ஷட்டர் போட்ட மாவுக் கடை எங்கள் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. அதற்குப் பரீட்சை வைத்தால் நான் முதல் மார்க் வாங்குவேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஆடியோவைக் கேட்டால் எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்கிறேன், ஊர் நம்புவதற்கு முன்னால் அதை நம்பியது நான்தான். சோடா போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் பல்லி விழுந்திருந்தால்? உளுந்து மூட்டையில் யாராவது மருந்து அடித்திருந்தால்? அந்தப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறானோ, யார் பெற்ற பிள்ளையோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாவை ஊற்றி ஊற்றி என் வீட்டுக்காரருக்கே இட்லி வைத்தேன். வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயிறு எப்படிங்க இருக்கு?"

"நீ கேக்குறதுக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

விற்காமல் புளித்துப்போன மாவைச் சாக்கடையில் ஊற்றினோம். மாசக் கடைசிக்குள் வியாபாரம் திரும்பாவிட்டால் கிரைண்டரை விற்றுவிட்டுக் கடையைக் காலி செய்வது என்று பேசி முடித்தோம். அதற்கு முன்னால் ஒரு கடைசி முயற்சியாக என் வீட்டுக்காரர், எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் செய்கிற காரியத்தைச் செய்தார். பிளக்ஸ் அடித்தார். கூப்பிய கைகளோடு அவர் படம், பக்கத்தில் என் படம். "எங்கள் மாவில் சோடாவோ பவுடரோ கலப்பதில்லை. வதந்திகளை நம்பாதீர்!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கடை வாசலில் கட்டினார். மறுநாள் வியாபாரம் இன்னும் பாதியாகக் குறைந்தது. ஆடியோ போய்ச் சேராத வீடுகளுக்கும் சோடா கதையைப் பிளக்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

நான் வேறு ஒன்று யோசித்து வைத்திருந்தேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில், எல்லாரும் பார்க்கச் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது. சூடம்கூட வாங்கி மடியில் முடிந்து வைத்திருந்தேன். அன்றைக்கு டீச்சரம்மா கடைக்கு வந்தது, போலீஸில் ஒரு புகார் கொடுத்து வைக்கச் சொல்வதற்காக. அந்த ஒரு வாரமும் எங்கள் மாவை நிறுத்தாமல் வாங்கியது அவர் ஒருவர்தான். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அவரிடம் சூடத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மைக்செட் அண்ணன் உள்ளே வந்தார்.

அவர் ஆட்டோவில் ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார். ஆரப்பாளையத்தில் ஒரு சின்ன அறையில் பேசிப் பதிவு செய்வார். ஜவுளிக் கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, துக்கச் செய்தி, தேர்தல், எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான்.

"என்ன மாப்ள, வாசல்ல கல்யாண போஸ் குடுத்து நிக்கிறீக?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாதீகண்ணே" என்று இவர் துணியைத் தூக்கிப் போட்டார்.

டீச்சரம்மா தன் போனில் அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"தங்கச்சி, இந்த அழுகையக் கேட்டீகளா? மூக்கு உறிஞ்சல. எச்சி முழுங்கல. வாக்கியத்த அம்சமா முடிக்குது. 'என் பிள்ளையை இந்த...' அப்படின்னு ஆஸ்பத்திரி பேரு வர்ற எடத்துல மட்டும் கேவுது. பேரச் சொல்ல வேண்டிய எடத்துல எல்லாம் அழுகை. பச்சை ஷட்டர்ங்கிற எடத்துல மட்டும் தண்ணி மாதிரி தெளிவு."

டீச்சரம்மா திரும்ப ஒரு தடவை போட்டார். அப்படித்தான் இருந்தது. அத்தனை தடவை கேட்டும் என் காதில் அது விழவே இல்லை. அந்தப் பிள்ளையை நினைத்துப் பதறிக்கொண்டிருந்தவளுக்கு எப்படி விழும்?

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீக?"

"நானும் காசு வாங்கிட்டு அழுதவன்தான தங்கச்சி. ஒரு தேர்தல்ல, எதிராளி ஜெயிச்சா இந்தப் பக்கத்துத் தெருவுக்கெல்லாம் தண்ணிய நிறுத்திருவான்னு எழுதிக் குடுத்தாக. தொண்டையக் கரகரன்னு வச்சுக்கிட்டு வாசிச்சேன். நாலாவது நாளு எங்க தெருப் பொம்பளைகளே எங்கிட்ட வந்து, 'ஏண்ணே, தண்ணிய நிறுத்தப் போறாகளாமே'ன்னு கேக்குது. என் குரல்தான்னு அதுகளுக்குத் தெரியல. அம்புட்டுப் பேரு பயந்ததப் பாத்து எனக்கே பயம் வந்துருச்சு. ரெண்டு டிரம் வாங்கிப் போட்டேன்."

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்க சொன்ன பொய்க்கு நீங்களே டிரம் வாங்குனீங்களா?"

"இப்பவும் மொட்டை மாடியில கெடக்கு டீச்சர். பாக்குறப்பல்லாம் வெக்கமா இருக்கும்."

அந்த வாரத்தில் முதல் தடவையாக நானும் சிரித்தேன். என்னை மாதிரியே தனக்குத் தெரிந்த ஒன்றை நம்பாமல் பயந்த மனுஷன் இன்னொருத்தர் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மடியிலிருந்த சூடத்தைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அணைச்சிறாதீக. 'ஒண்ணும் இல்லாமயா சூடம் அணைக்குது'ம்பாக. சோடாங்கிற வார்த்தையே இந்தக் கடைப் பக்கம் வரக்கூடாது. மாப்ள, மொதல்ல அந்தக் கல்யாண போஸ அவுருங்க."

என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போய் அவிழ்த்தார். அண்ணன் என்னிடம் திரும்பி, உளுந்து பதமாக ஆடிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டார். தொழிலைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன்.

"ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டுப் பாப்பேண்ணே. மெதக்கணும். மெதக்கலைன்னா எனக்குப் படபடன்னு வந்துரும். மெதந்தாலும் சந்தேகமா இருக்கும், இன்னொரு சொட்டு விடுவேன். அரிசிய நாலு தண்ணி கழுவுனாப் போதும்னு இவுக சொல்லுவாக, எனக்கு மனசு கேக்காது, இன்னொரு தண்ணி கழுவுவேன். ராத்திரி படுத்தப் பெறகு, மாவை மூடுனேனான்னு எந்திரிச்சு வந்து பாப்பேன்..."

பேசிக்கொண்டே பார்த்தால், அவர் கையிலிருந்த போனில் நான் பேசுவதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"இதையே ஆட்டோவுல போடட்டுமா?"

"அய்யய்யோ, என் குரலா? ஊரே சிரிக்கும்ண்ணே."

"சிரிக்கட்டும். இம்புட்டுப் பயப்படுற பொம்பள தப்புத்தண்டாவுக்குப் போகுமான்னு யோசிக்கும்ல. நான் பேசுனா வெளம்பரம்பாக. நீங்க பேசுங்க."

எனக்கு ஒன்று உறுத்தியது. "அவுக ஒரு குரல வச்சுப் பயமுறுத்துனாக. நாமளும் ஒரு குரல வச்சு மனச மாத்தப் பாக்குறோம். ரெண்டும் ஒண்ணுதானண்ணே?"

அவர் பாத்திரத்தை நீட்டி மாவை வாங்கிக்கொண்டார். "தொழில் ஒண்ணுதான். ஆனா அந்தப் பொம்பள எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது. நீங்க இங்க இருக்கீக. வந்து பாத்துக்கங்கன்னு சொல்றோம். கிரைண்டர வாசலுக்குக் கொண்டாங்க."

மறுநாள் கிரைண்டரை ஷட்டரை ஒட்டி இழுத்துப் போட்டோம். ஊறவைப்பது, கழுவுவது, ஆட்டுவது எல்லாம் தெருவைப் பார்த்து நடந்தது. மூன்று நாள் அவர் ஆட்டோ தெருத் தெருவாகப் போனது. என் குரல் தூரத்தில் வரும்போதெல்லாம் நான் உள்ளே போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முதல் நாள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். ஒரு பொம்பளை, "அந்த அஞ்சாந்தண்ணிக்காரம்மா நீதானா?" என்று கேட்டு, சொட்டு மிதக்கிறதா என்று நின்று பார்த்தார். மிதந்தது. நான் இன்னொரு சொட்டு விடப் போனதைப் பார்த்துவிட்டு, "பயப்படாத தாயி, மெதக்குது" என்று எனக்கே தைரியம் சொல்லி அரைக் கிலோ வாங்கிப் போனார். அடுத்த வாரத்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரும் ஆடியோவைப் பற்றிப் பேசவில்லை; நானும் கேட்கவில்லை. மாசக் கடைசி வந்தது. கடை இருந்தது.

டீச்சரம்மா சொன்னபடி புகாரும் கொடுத்தோம். அந்தக் குரல் யாருடையது என்று இன்று வரை தெரியவில்லை. இப்போதும் குரூப்பில் அழுகைக் குரல்கள் வருகின்றன. தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்கள் என்கிறார்கள், பிள்ளை பிடிக்கிறவன் என்கிறார்கள். எனக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அது பிறவிக் குணம். ஆனால் அந்தக் குரல் எந்த இடத்தில் அழுகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொண்டேன். பேர் வர வேண்டிய இடத்தில் அழுதால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவைப் பார்க்கப் போய்விடுவேன்.

அண்ணன் வாரம் தவறாமல் மாவு வாங்க வருகிறார். மாவுக்குக் காசு கொடுக்காமல் போக மாட்டார். அவர் கூலியை நாங்கள் கொடுத்தால்தான் வாங்க மாட்டேன் என்கிறார். ஆட்டோ ஓடிய செலவுக்கு மட்டும் முதல் நாள் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், அதுவும் நாங்கள் கையில் திணித்ததால். மூன்று நாளைக்கு அவர் வழக்கமாக வாங்குவது ரெண்டாயிரத்து ஐநூறு. மீதியை நீட்டும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"அந்தத் தண்ணிக் கதைக்கு மறுநாளே பைசா பாக்கி இல்லாம எண்ணி வாங்கிட்டேன் தங்கச்சி. இதுக்கு என்ன அவசரம்? வாரேன்."

அவருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.