சரிவில் நிற்காத காரும் சாவியை விடாத நானும்

குடும்பம் நடத்துவது ஒரு தொழில் என்றால், டிரைவர் வேலையும் அதில் சேர்த்தி என்பதை வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. மார்க்கெட், சர்ச், மகளின் காலேஜ் என்று ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

எங்கள் காட்டுப்பாக்கம் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்றால் ஸ்பீடு பிரேக்கர், மலை என்றால் வாட்ச்மேன் ஏழுமலை. ஆனால் எங்கள் பில்டர், தெருவிலிருந்து பார்க்கிங்குக்குள் இறங்கும் சரிவின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கட்டம் போட்டு, அதையும் பார்க்கிங் என்று விற்றுவிட்டார். கடைசியாக வீடு வாங்கிய ஏமாளிகள் நாங்கள்.

பின்னால் வந்த கார்

முதல் நாள். எனக்குப் பொறுமை கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர்களே கைவிட்ட கேஸ். நியூட்ரலில் போட்டேன், ஹேண்ட்பிரேக்கைப் பெயருக்குத் தொட்டேன், கீரைப் பையோடு இறங்கி லிஃப்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினால், என் கார் என்னை ஓவர்டேக் செய்துகொண்டு போகிறது. கீழே நின்ற அபார்ட்மென்ட் செக்ரட்டரியின் புதுக் காரில் இடித்துத்தான் நின்றது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் தீர்ப்பு எழுதினார். கார் சாவியை அவர் பிடுங்கிக்கொண்டால் நான் ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலில் தொங்க வேண்டும், இல்லை அவர் ஷூ மாட்டி முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். இரண்டுமே எனக்கு ஆகாது. அவரோ டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவை இந்த வண்டி தானா நகர்ந்துச்சுன்னா, சாவி என்கிட்ட வந்துடணும்."

முட்டுக்கல்

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் வேண்டும். செங்கல்லைத் தேடி யார் அலைவது? மிக்ஸி வந்த நாளிலிருந்து சும்மா கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு மேலே போனேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே கூச்சல். குழவி சரிவில் உருண்டு, ஜாகிங் முடித்து வந்த செக்ரட்டரியின் கட்டைவிரலைப் பதம் பார்த்திருந்தது. "கார் இம்மிகூட நகரலையே சார், குழவிதானே நகர்ந்துச்சு?" என்று வாதாடினேன். அவர் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டார்: "உருள்ற வண்டிக்கு உருள்ற கல்லையா மேடம் முட்டுக் குடுப்பாங்க?"

ரிவர்ஸ்

பிறகு யூடியூபில் ஒழுங்காகப் படித்தேன். மூக்கு கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், சக்கரம் சுவர்ப்பக்கம், ஹேண்ட்பிரேக் இறுக்கமாக. அப்படியே செய்தேன். கார் கோயில் தூண் மாதிரி நின்றது.

மறுநாள் காலை ரிவர்ஸ் போட்டதை மறந்து, கிளட்சையும் மிதிக்காமல், ஹேண்ட்பிரேக்கை இறக்கிச் சாவியைத் திருகினேன். கார் பின்பக்கமாக ஒரு குதி குதித்தது. முன்சீட்டில் மகள் ஷெரின். மடியில் சாம்பார் டப்பா. காலேஜ் யூனிபாரம் முழுக்கப் பருப்பு. "நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், அதனால 'தானா நகர்ந்தது' கணக்கில் வராது" என்று அவளிடம் முன்கூட்டியே சட்டம் பேசினேன். அவள் முருங்கைக்காயை மடியிலிருந்து எடுத்து வெளியே போட்டாள். "அம்மா, நீ வண்டி எடுக்கறியா, பேய் ஓட்டறியா?"

மேம்பாலம்

அப்புறம் புயல் அறிவிப்பு வந்தது. தண்ணீர் வந்தால் எங்கள் பார்க்கிங் குளம். எல்லோரும் காரை மேம்பாலத்தில் ஏற்றினோம். பாவம், சரிவில் நிறுத்தி யாருக்கும் பழக்கமில்லை. எனக்கோ தினசரி பயிற்சி! மழையில் குடையோடு நின்று, "ரிவர்ஸ் போடுங்க! சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் ஒடிங்க!" என்று செக்ரட்டரியையே விரட்டினேன். என் காரின் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். இதுவும் உருண்டால் சாவி போச்சே!

மழை விட்டு, தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கார் மட்டும் அசையவில்லை. எஞ்சின் உறுமுகிறது, பின்சக்கரம் சுற்றமாட்டேன் என்கிறது. ஈரத்தில் பிரேக் துருப்பிடித்து அப்படியே ஒட்டிக்கொண்டதாம். வீட்டுக்காரரும் ஏழுமலையும் இறக்கத்தில் தள்ளிப் பார்த்தார்கள். ம்ஹூம். ஏழுமலை மூச்சு வாங்கியபடி சொன்னார்: "நில்லுன்னா ஓடுது, ஓடுன்னா நிக்குது. இன்னாம்மா, உங்க வண்டி உங்கள மாரியே கீது!"

வீட்டுக்காரர் சாவிக்குக் கையை நீட்டினார். நான் சாவியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "தானா நகர்ந்தாத்தானே? இது தள்ளியே நகரலையே!" அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்: "சரி தாயே, சாவியை நீயே வச்சுக்கோ, வண்டியை மேம்பாலத்துக்கு எழுதிக் குடுத்துடுவோம்."

சரிவில் கார் நிறுத்துவது எப்படி என்று இப்போது அபார்ட்மென்டே என்னிடம்தான் கேட்கிறது. எடுப்பது எப்படி என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.