அடி கைக்குத் தெரிய வேண்டும்

அன்று ஏரியில் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி பல்லில் தொங்கியது. கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. விரல் நுனியில் இறால் இடிக்க வேண்டும், உடனே கையை மூட வேண்டும். எனக்கு ஒன்றுமே இடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் பறிகள் நிறைந்தபோதுதான் பயம் வந்தது.

மறுநாள் கால்களும் துவண்டன. பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். கில்லன்-பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார் டாக்டர். "மூச்சுக்கு ஏறாம இருக்கணும்மா" என்றும் சொன்னார். அதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

ஏறவில்லை. மருந்து ஏற்றி, மெல்ல நடக்கவைத்து, எங்கள் ஊர் தோணிரேவுக்கு அனுப்பிவிட்டார்கள். விரல் நுனிகள் மட்டும் மரத்தே கிடந்தன. உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். எனக்கு இறால் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

பிசியோதெரபியில் (இயன்முறை சிகிச்சை) கொடுத்த பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் தேசப்பன் எங்கிருந்தோ ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தார். சண்டை விளையாட்டு. நான் ஒல்லியான ஒருத்தியை எடுத்துக்கொண்டேன், அவர் ஒரு தடியனை. கீழே, முன்னே, பிறகு இரண்டு பொத்தான் சேர்த்து, எல்லாம் கண் இமைப்பதற்குள். இப்படி ஒருத்திக்கே எத்தனையோ அடிகள், தடுப்புகள். பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றியது.

"யோவ், உதைக்கிறதுக்கு எதுய்யா?"

"எனுக்கு மட்டும் இன்னா தெரியும்? எல்லாத்தையும் அமுக்கு மே."

உங்களுக்கும் விரல் மரத்திருந்தால் பந்தை விட்டுவிடாதீர்கள். விளையாட்டு மருந்தல்ல. எனக்கு அது கோபத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

திரையில் என் ஆள்மேல் அடி விழுந்தால் கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக் உதறும். மணிக்கட்டில் அது தெரிந்தது, விரலில் தெரியவில்லை. விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். அதற்குள் தடியன் என்னைத் தூக்கி எறிந்திருப்பான். ஒருநாள் அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார். ஜாய்ஸ்டிக்கை அவர் மேலேயே வீசி அழுதேன். அதற்குப் பிறகு ஒழுங்காக அடித்தார்.

மாதங்கள் போயின. தடுக்கப் பழகிவிட்டேன். ஒரு மத்தியானம் முதல்முறையாக ஜெயிக்கும் நிலைக்கு வந்தேன். இன்னும் ஒரே உதை, தடியன் காலி. அப்போது தடியனின் குத்து ஒன்று என் தடுப்பைத் தாண்டி என் ஆள்மேல் விழுந்தது. வலது கட்டைவிரல் நுனியில் ஏதோ இடித்தது. இறால் இடிப்பது போல.

நான் பொத்தான்களை விட்டுவிட்டேன்.

"இன்னா மே, தடுக்காம நிக்கிற?"

"அடிய்யா. நல்லா அடி."

அடித்தார். கண் பார்த்த அடி விரலுக்கு வந்து சேரச் சற்று நேரமானது. டாக்டர் அப்படியெல்லாம் இருக்காது என்கிறார். இருக்கட்டும், விரல் என்னுடையது. அந்தச் சற்று நேரம் முழுக்க மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். இடித்தது.

"இன்னொரு தபா."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தார். என் ஆள் சுருண்டு விழுந்தாள். மறுபடியும் ஆட்டத்தைப் போடச் சொன்னேன்.