கீழே போடு

அடித்தாலும் சட்டம் மன்னிக்கும் என்ற நேரத்தில் ஒருவர் அடிக்காமல் நின்றால், அதைப் பொறுமை என்பதா, பயம் என்பதா? காயில்காரரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பழுதான மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, காயில் கட்டித் தருவது அவர் தொழில். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கொல்லை. உருவிய செம்பெல்லாம் கொல்லையிலிருந்த தகரக் கொட்டகையில் கிடக்கும். செம்பு விலை ஏற ஏற, அவர் மனைவியின் தூக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. "சுவர் மேல கண்ணாடித் துண்டு பதிங்க" என்று மனைவி நச்சரித்ததில் மணலும் சிமெண்டும் உடைந்த பாட்டில்களும் வந்து சேர்ந்தன. வேலை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது.

ஒரு பிற்பகல், வார்னிஷ் டப்பா எடுக்கக் காயில்காரர் போனபோது கொட்டகைக் கதவு நெம்பப்பட்டுக் கிடந்தது. உள்ளேயிருந்து ஒருவன் கடப்பாரையோடு வெளியே வந்தான். யாருக்கு அதிர்ச்சி அதிகம் என்று சொல்ல முடியாது. அவன் கடப்பாரையை ஓங்கினான். இவர் காலடியில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு கத்தினார்.

"போடு! கீழ போடு! போடுடா!"

அவன் போட்டான். போட்டுவிட்டுச் சுவரில் தொற்றி ஏறினான். அவன் முதுகு குழாய்க்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இவர் அசையவில்லை. சுவரில் பாசி, வழுக்கி உள்பக்கமே விழுந்தான். கால் முறிந்தது.

ஓடி வந்தவர்கள் கண்டது, கையில் குழாயோடு நின்ற ஒருவரையும் காலைப் பிடித்துக்கொண்டு அலறிய ஒருவனையும்தான். அதுவே போதாதென்று, பக்கத்து வீட்டுத் தையல்காரர் இன்ஸ்பெக்டரிடம் பெருமையாகச் சாட்சி சொன்னார்.

"அண்ணன் போடு போடுன்னு போட்டுட்டாரு சார்! சிங்கம் சார் அவரு!"

"நீ பாத்தியா?"

"நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தேன். 'போடு போடு'ன்னு காதுல விழுந்துச்சே சார்."

பாராட்டைப் போல ஆபத்தான சாட்சி வேறில்லை. தெருவே அவரைச் சிங்கம் என்றது. சிங்கத்துக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வக்கீலாக இருந்த மச்சினன் வந்து உட்கார்ந்தான். "மாமா, கடப்பாரை அவன் கையில இருக்கிற வரைக்கும் நீங்க அடிச்சிருந்தா அது தற்காப்பு. அவன் அதைப் போட்டுட்டு முதுகைக் காட்டினப்புறம் அடிச்சிருந்தா, அது அடிதடி. நீங்கதான் உள்ள போகணும்."

"நான் அடிக்கவே இல்லடா."

"நான் நம்புறேன். உடைஞ்ச காலும் அதை நம்பணுமே!"

"அந்தத் தையக்காரர் வாயையே தைக்கணும்" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இனி எல்லாம் திருடன் வாயில்தான் இருந்தது. அடித்தார் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தப்பு பாதியாகிவிடும். மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மச்சினன் வார்டு வாசலில் நின்று கேட்டான். மாவுக்கட்டோடு கிடந்தவன் சிரித்தானாம்.

"அவரா? அவரு கை ஆடுன ஆட்டத்துல குழாய் அவரு கால் மேலயே விழுந்துருமோன்னு நான்தான் சார் பயந்தேன். கடப்பாரையைக் கீழ போடுன்னாரு, போட்டேன். சுவர் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்."

எக்ஸ்ரே பார்த்த டாக்டரும் இது விழுந்து முறிந்த கால்தான் என்றார். இன்ஸ்பெக்டர் தையல்காரரைக் கூப்பிட்டார். "இனிமே காதுல விழுந்ததை மட்டும் சொல்லு. சேர்த்துத் தைக்காத."

செய்தி வந்தபோது காயில்காரர் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று எண்ணிக்கை தவறிப்போனது. பரவாயில்லை என்று பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அன்று இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இப்பவாவது அந்தக் கண்ணாடியைப் பதிங்க" என்றார் மனைவி.

அவர் பாட்டில் துண்டுகளைச் சாக்கில் அள்ளிப் பழைய சாமான்காரரிடம் போட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்து, வாங்கி வைத்த மணல் முழுவதையும் சுவரின் உள்பக்க அடியில், ஏறுபவன் வழுக்கினால் விழக்கூடிய இடத்தில், முழங்கால் உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினார்.

"என்னங்க இது?"

அவர் கையைத் தட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.