ரயில்வே கேட்டில் நிறம் போன பத்து நிமிடம்

பேய், ஆவி என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எப்பக் கண்ணு செக் பண்ணுனீங்க?" என்பதுதான். கிண்டலுக்குக் கேட்பதில்லை. திண்டுக்கல்லில் நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், கண் பரிசோதனைக்கு முறையாகப் படித்தவன், ராத்திரியில் வெள்ளையாக ஏதோ நின்றது என்று சொல்லிக்கொண்டு வந்த எத்தனையோ பேருக்குப் புரை விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமே வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது, என் பிள்ளைகள் மேல் சத்தியமாக நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு நாள் சாயங்காலம் அமல்ராஜ் என்று ஒரு பையன் கடைக்கு வந்தான். பையன் என்றால் இருபது வயது இருக்கும், நல்ல உயரம், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தான். செம்பட்டிப் பக்கத்துக்காரன். அவன் அப்பா சவரிமுத்து தக்காளியும் கத்திரியும் போடுகிற விவசாயி, ஒரே மகன். வடக்கே ஒரு பள்ளியில் விமானம் ஓட்டப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, சேருவதற்கு முன்னால் சென்னையில் மெடிக்கல் இருக்கிறது, அதற்குள் ஒரு தடவை கண்ணைப் பார்த்துவிடுங்கள் என்றான். அவன் படிப்புக்காக அவன் அப்பா இருந்த மூன்று ஏக்கரில் இரண்டை ஏற்கெனவே விற்றிருந்தார்.

பார்வை அருமையாக இருந்தது. கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தான். சரி, விமானத்துக்கு நிறமும் பார்ப்பார்களே என்று புள்ளிப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் வண்ணப் புள்ளிகளால் ஒரு வட்டம் இருக்கும், அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் வேறு நிறப் புள்ளிகளால் ஒரு எண் இருக்கும், நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியும். முதல் பக்கம் எல்லோருக்குமே தெரியக்கூடியது, அதைச் சொன்னான். இரண்டாவது பக்கத்தில் நின்றுவிட்டான்.

"நம்பரா? எங்கண்ணே இருக்கு? வெறும் புள்ளியால்ல இருக்கு."

அடுத்த பக்கமும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிந்து தெரியவில்லை. பிறவியிலேயே வருவது, மருந்தும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. நான் மெதுவாகச் சொன்னேன். அவன், "அதான் தக்காளி பறிக்கப் போனா காயும் பழமுமா கலந்து பறிச்சுட்டு வருவேன். கவனமே இல்லாத பயன்னு அப்பா வையிவாரு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அந்த இடத்தில் நான், "தம்பி, இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் அழுததைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பாதிதான் உண்மை. என் கையால் தேறிய ஒருவன் ஆகாயத்தில் பறப்பான் என்கிற பெருமையும் உள்ளே இருந்தது. போதாததற்கு, டிராஃபிக் விளக்கில் மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை என்று இடத்தை வைத்தே எத்தனையோ பேர் வண்டி ஓட்டுகிறார்கள், இவனும் சமாளித்துக்கொள்வான் என்று ஒரு அசட்டுத் துணிச்சல். பதினைந்து நாள், கடை அடைத்த பிறகு, அந்தப் புத்தகத்தை அவனுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். டாக்டர் வரிசை மாற்றிப் புரட்டுவார், அதனால் எண்ணைப் பார்க்காதே, ஓரத்தைப் பார் என்றேன். மேல் ஓரத்தில் இரண்டு பெரிய புள்ளி ஒட்டி நின்றால் இந்த எண், இடது ஓரத்தில் சின்னப் புள்ளி மூன்று வரிசையாக வந்தால் அந்த எண். படிப்பில் கெட்டிக்காரன், பத்தாவது நாளே தலைகீழாகக் காட்டினாலும் சொன்னான்.

நடுவில் ஒரு நாள் என் கடைச் சீட்டின் பின்பக்கம் அவனே ஒரு விமானம் வரைந்து காட்டினான். "ராத்திரில விமானமே தெரியாதுண்ணே, வெளக்கு மட்டுந்தான் தெரியும். எடது றெக்கைல செவப்பு, வலது றெக்கைல பச்சை, வாலுல வெள்ளை. வெள்ளை மட்டும் தெரிஞ்சா அது நம்மள விட்டு வெலகிப் போகுதுன்னு அர்த்தம். செவப்போ பச்சையோ தெரிஞ்சா உசாரா இருக்கணும், குறுக்க வரலாம், நேராவும் வரலாம்."

"ஒனக்கு அது எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாதுதான். ரேடியோல சொல்லுவாங்கள்ல, அத வச்சுப் பழகிக்கிறேன்" என்றான். நான் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையை என்ன செய்யலாம் என்று இருக்கிறது.

மெடிக்கலில் தேறிவிட்டான். சவரிமுத்து ஒரு தார் சிறுமலை வாழைப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார், "எம்மகனுக்குக் கண்ணத் தெறந்து விட்டீங்க தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனப்பாட விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. ஒரு நாள் அவனிடமிருந்து போன் வந்தது. ராத்திரிப் பயிற்சி தொடங்கிவிட்டது, தனியாக ஓட்ட விடுகிறார்கள் என்றான். குரலில் பழைய துள்ளல் இல்லை. "எல்லா வெளக்கும் பழைய பல்பு மாதிரி மங்கலா மஞ்சளாத்தாண்ணே தெரியுது. எது வருது, எது போகுதுன்னு தெரியல. வெளிய சொல்லிரவாண்ணே?" என்று கேட்டான். சொல்லிவிடு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவன் படிப்பு போகும், அவன் அப்பாவுக்கு நிலம் போனது போனதுதான், எப்படித் தேறினாய் என்று தோண்டினால் என் பெயரும் வரும். "பாத்துப் பண்ணுப்பா, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றேன். அதுதான் நான் அவனிடம் போனில் பேசிய கடைசிப் பேச்சு.

அதற்கு ஏழெட்டு நாள் கழித்து நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. கொடைரோட்டில் ஒரு கண் முகாம். முடித்துவிட்டு மொபெட்டில் திரும்புகிறேன், வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். மணி ஒன்பது ஐந்து, கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு தேங்காய் லாரி, பக்கத்தில் ஒரு டவுன் பஸ். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் திருவிழா, சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் செட் மின்னிக்கொண்டிருந்தது. நான் குடிக்கிறவன் இல்லை, அன்றைக்குக் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, சும்மா அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிறங்கள் போய்விட்டன. விளக்கு அணையவில்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது. சிவப்பு, பச்சை இரண்டும் ஒன்றுபோல அழுக்கு மஞ்சளாகிவிட்டன. கேட்டில் தொங்கிய சிவப்பு விளக்கைப் பார்த்தேன், மஞ்சள். லாரியின் பின்விளக்கு, மங்கிய பழுப்பு. தூரத்தில் ரயில் சிக்னல் எரிகிறது, அது என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணே தொழிலாக இருக்கிறவன் அல்லவா, பதறாமல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன், இரண்டும் அப்படியேதான் இருந்தன. ஒரே நேரத்தில் இரண்டு கண்ணிலும் இப்படி நிறம் போக நான் படித்ததில்லை. பக்கவாதமோ என்று கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். கை நன்றாக இருந்தது. எதிரில் பார்ப்பது அமல்ராஜுடைய உலகம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்போது வானத்தில் ஒரு விளக்கைப் பார்த்தேன். சிறுமலை பக்கம், மலை உச்சிக்குக் கொஞ்சம் மேலே, ஒரே ஒரு விளக்கு. விமானம் என்றால் சத்தம் வரும், நகரும். இது சத்தமும் இல்லை, அசையவும் இல்லை, ஒரே இடத்தில் நின்றபடி மெல்ல மெல்லப் பெரிதாவது போல இருந்தது. பெரிதாகிறதா, நான் அப்படி நினைக்கிறேனா என்றும் தெரியவில்லை. பச்சையா, வெள்ளையா, சிவப்பா, எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் பஸ்ஸிலும் லாரியிலும் இருந்தவர்களில் ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

என் வலது காதுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், அமல்ராஜ் கேட்டான்.

"அண்ணே, வருதா, போகுதா?"

நம்பினால் நம்புங்கள், நான் திரும்பவில்லை. பயத்தில் இல்லை. கடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்தைக் காட்டிக் கேட்பான் பாருங்கள், அதே மாதிரி, பதில் எனக்குத் தெரியும் என்கிற நம்பிக்கையோடு கேட்டான். நானும் யோசிக்காமல், பழக்கத்தில், அவன் மனம் நோகக்கூடாது என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"போகுதுப்பா."

ரயில் தடதடவென்று கடந்தது. அது போனதும் பார்த்தால் கேட் விளக்கு சிவப்பு, கோயில் விளக்கு சிவப்பும் பச்சையும், எல்லாம் ஒழுங்காக இருந்தது. மலைக்கு மேல் ஒன்றும் இல்லை. பின்னால் திரும்பினேன், ஒரு சைக்கிள்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், என் முகத்தைப் பார்த்து, "என்னண்ணே, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். மணி ஒன்பது பதினைந்து.

மறுநாள் மத்தியானம் செம்பட்டியிலிருந்து ஒரு ஆள் வந்து சேதி சொன்னார். முந்தின நாள் ராத்திரி ஒன்பதேகாலுக்குக் கொஞ்சம் முன்னால், பயிற்சியில் இரண்டு விமானங்கள் வானத்தில் உரசிக்கொண்டன. மற்ற விமானத்தை ஓட்டியவன் எப்படியோ இறக்கிவிட்டான். அமல்ராஜின் விமானம் விழுந்துவிட்டது. பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள், திறந்து காட்டவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சவரிமுத்து என் தோளில் சாய்ந்து அழுதார், நான் மரம் மாதிரி நின்றேன். என்ன காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று விசாரணையெல்லாம் முடிந்து காகிதம் வந்தது. கண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு எவன் வந்து அழுதாலும் அந்தப் புத்தகத்தை ஒரு தடவைக்கு மேல் நான் காட்டியதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் மூளை செய்த வேலை, மனக்கலக்கம் என்று நானே ஒரு காரணம் சொல்லியிருப்பேன். ஆறு மாதம் கழித்து சவரிமுத்து கடைக்கு வந்தார். விசாரணைக்காக அந்த விமானப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்களாம், போய்விட்டு வந்திருக்கிறார்.

"ரேடியோல அவன் கடைசியாப் பேசுனது பதிவாயிருக்காம் தம்பி. அங்க யாருக்கும் தமிழ் தெரியல, என்ன அர்த்தம்னு எங்கிட்டப் போட்டுக் காமிச்சாங்க. 'சரிண்ணே'ங்கறான். அம்புட்டுத்தான். கொரல்ல பயமே இல்ல, வழி கேட்டுட்டுப் போறவன் மாதிரி சொல்றான். அதுக்கப்பறம் ஒரே எரைச்சல்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பெத்தது அவன் ஒருத்தன். வண்டில தனியாத்தான் இருந்திருக்கான். யாரத் தம்பி அண்ணேங்கறான்?"

நான் அவருக்கு எழுத்துப் படிக்கிற கண்ணாடி ஒன்று போட்டுக்கொடுத்து அனுப்பினேன்.

வருடம் ஒரு தடவை கண் காட்ட வருகிறார், எண்பதை நெருங்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியைக் கேட்பார், நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். போன மாதம் வந்தபோது கேட்கவில்லை. பரிசோதனை முடிந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் முகத்தையே செத்த நேரம் பார்த்தார்.

"ஒங்களையும் அவன் அண்ணேன்னுதான கூப்புடுவான்?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

"சரி, வாரேன் தம்பி" என்று எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனார்.