விரலில் காட்டிய அளவு

வாங்கிய மூன்றும் பொருந்தாததால், குளியலறை பேசின் ஓட்டைக்கு மூடி கேட்டு பண்டாரவளை ஹாட்வெயார் கடைக்கு நான்காம் முறையாகப் போயிருந்தேன். வழக்கம்போல் விரல்களை வளைத்து அளவு காட்டினேன். முதலாளி நாற்காலியை விட்டு அசையவில்லை.

பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா நின்றார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. கைக்குட்டையை அவிழ்த்து, மடுவத்து பேசினில் கழற்றிய பழைய மூடியை மேசையில் வைத்தார். முதலாளி எழுந்துபோய் அதே அளவில் புதியதை எடுத்து வந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

“யாரும்மா மாட்டுறது?” என்றேன்.

“நான்தாங்க. ஒங்க வீட்டுலயும் மாட்டித் தரவா?”

“வேணாம்மா, நானே மாட்டிட்டேன்.”

அவர் என் கையைப் பார்த்தார். விரல்கள் இன்னும் வளைந்தே இருந்தன.