வாங்காமல் விட்ட பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர்

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு தகரக் கொட்டகை. மைக் செட் தொழிலை விட்டுவிட்டுப் படகு எஞ்சின் வாங்கப் போவதாகச் சொன்ன ஒருவர் அங்கே தன் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். நான் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டி நின்றேன். எங்கள் டிரம்மர், பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் பொருத்திய பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு, "வாசி" என்றான். அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான்.

மைக் செட்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா தம்பி, அது மேல குந்திகினு? ஸ்டூலா அது?" என்றார்.

"இரு அண்ணாத்த. வண்டி வாங்கறவன் குந்திப் பாக்கமாட்டானா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் வேலை, காண்ட்ராக்ட். நாள் முழுக்க இரும்பு இரும்பின் மேல் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு உட்கார்ந்து அதைவிட அதிகமாக அவனே அடிப்பான். காது மந்தம் என்று தெரிந்தால் வேலையைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்ற பயத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்தான். எங்களிடமும் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையில் அவன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என் வாசிப்பு அவன் முதுகெலும்புக்கு எட்டுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். எட்டினால் டிரம்ஸில் தொடர்ந்து உட்காரலாம், எட்டாவிட்டால் முடியாது. இது அவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. நான் அது தெரியாமல், ஆம்ப் வாங்க வந்தவனாக மட்டும் நின்றேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு அச்சரப்பாக்கத்தில் லாரி ஏறியவன். கிளீனர் வேலை, கோவாவில் ஓட்டல் சமையற்கட்டு, புதுச்சேரியில் பெயிண்டிங். கோவாவில் பாத்திரம் கழுவிய இடத்தில் பக்கத்து அறைக்காரன் விட்டுப்போன நாலு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஊர் திரும்பியபோது கூடுவாஞ்சேரியில் ஒரு டயர் கடை மாடியில் இரண்டு கிட்டார்க்காரர்களும் இந்த டிரம்மரும் மெட்டல் என்ற இரைச்சல் ராக் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேஸுக்கு ஆள் இல்லை. சேர்ந்துகொண்டேன். என்னிடம் இருந்தது நாற்பது வாட் ஆம்ப். அறைக்குள் தனியாக வாசித்தால் போதும். டிரம்ஸ் ஆரம்பித்ததும் நான் இருக்கிறேனா இல்லையா என்பதே தெரியாது. ராக், மெட்டல் என்றால் முந்நூறு வாட்டாவது வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மைதான். இரண்டு கிட்டார்களும் கரகரவென்று நடு ஓசையை முழுக்கத் தின்றுவிடும். அதற்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு பேஸில் கூர்மை இருக்கவேண்டும். வெறும் அடி ஓசை மட்டும் இருந்தால் எங்கோ லாரி நிற்பதுபோல உறுமும், அவ்வளவுதான்.

மைக் செட்காரரிடம் இரண்டு இருந்தன. ஒன்று அந்தப் பதினைந்து இஞ்ச். இன்னொன்று பத்து இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு வைத்தது. வாட் இரண்டுக்கும் ஒன்றுதான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து இஞ்சில் கம்பியை விரல் தட்டும் சத்தம்கூடத் தனித்தனியாக வந்தது. ஒரே ஆள் தூக்கவும் முடிந்தது. எங்களிடம் வண்டி கிடையாது. பஸ், ரயில், மிச்சத்துக்குத் தோள். எனக்கு முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"மச்சான், இத எடு," என்று அவன், தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டினான்.

"கொழகொழன்னு கீதுடா அது. கிட்டாரு ரெண்டும் எறங்கிச்சின்னா நான் இன்னா வாசிக்கறேன்னு எவனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"உனுக்குத் தெரிஞ்சா போதுமா?"

"போதும்டா," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதனால் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். பத்து இஞ்சை வாங்கினோம். கிளம்பும்போது அவன் பெரிய ஆம்பின் துணியை ஒருமுறை தடவிவிட்டு வந்தான். திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்து, "இன்னாப்பா, உள்ள ஆளு இன்னா வெயிட்டு?" என்று கேட்டார். டிரம்மர்தான் விழுந்து விழுந்து சிரித்தான். கண்டக்டர் அவன் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். உதட்டைப் பார்த்திருப்பான் என்பது இப்போது புரிகிறது.

அதன்பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே போனாலும் ஆம்பைத் தரையில், தன் ஸ்டூலை ஒட்டி, பின்பக்கமாக வைக்கச் சொல்வான். பலகை மேடையாக இருந்தால் ஸ்டூலின் கால் பெட்டியை இடிக்கவேண்டும். வாசிக்கும்போது என் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பான். முதல் கிட்டார்க்காரனுக்கு இது நக்கல். "ஆம்பு இன்னாடா உன் பொண்டாட்டியா, இடுப்புலயே வெச்சிகினு கீற?" என்பான். "உன் கிட்டாரக் கட்டிக்க எவளும் வரமாட்டா, நீ பேசாத," என்று இவன் திருப்பிக் கொடுப்பான். ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு தாளமும் தப்பவில்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் ஞாயிறு மாலை வாசிக்கக் கூப்பிட்டார்கள். மணலில் மரப்பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்ட மேடை. உள்ளே வெற்றிடம். ஆம்பை வைத்து ஒரு கம்பியைத் தட்டியதும் மேடையே உடுக்கைபோல அதிர்ந்தது. விடுதி மேனேஜர் ஓடிவந்து, "சார், உள்ள கண்ணாடியெல்லாம் ஆடுது, இன்னா சார் இது?" என்றார். இதற்கு வழி எனக்குத் தெரியும். தரையிலிருந்து தூக்கிவிட்டால் அடி அதிர்வு குறையும், ஓசை சுத்தமாகும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை மேடையின் முன்பக்கம் போட்டு, அதன்மேல் பெட்டியை ஏற்றினேன். டிரம்மர் அப்போது சிம்பல் தட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். நான் பிளக்கைச் செருகிவிட்டேன்.

வாசித்த காலம் முழுவதிலும் என்னை நானே சரியாகக் கேட்டது அன்றுதான். ஒவ்வொரு சுரமும் தனியாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று வாசித்தேன். என் முதுகு அவன் பக்கம். மூன்றாவது பாட்டின் நடுவில், அவன் இரண்டு காலாலும் டிரம் பெடல் அடிக்கும் இடத்தில், எங்கள் மூவரையும் விட்டுவிட்டு அவன் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தான். கிட்டார்க்காரன் கையைத் தூக்கி நிறுத்தினான். நாங்கள் நின்ற பிறகும் நாலு அடி தனியாக விழுந்தது. முன்வரிசையில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

இறங்கியதும் அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "ஆம்ப எதுக்குடா தூக்கின?"

"தப்பா அடிச்சிட்டு ஆம்பு மேல பழிய போடாத," என்றேன்.

ஒரு நிமிடம் என் வாயையே பார்த்துவிட்டு, ஸ்டிக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிட்டார்க்காரர்கள் கூடுவாஞ்சேரியிலேயே வேறு டிரம்மரைப் பிடித்துவிட்டார்கள். இவனிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது, சிநேகிதன் என்பதால். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், அவன் ஷிப்ட் முடிந்து இறங்கும் இடத்தில் காத்திருந்தேன். சாயங்காலம், நாலாபக்கமும் பஸ் ஹாரன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, இனி வரவேண்டாம், வேறு ஆள் பார்த்துவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "சரி மச்சான்," என்று தோளில் தட்டினான். டீக்கடைக்கு இழுத்துப்போய் டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தான். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மாடிக்கு எப்போதும்போல வந்துவிட்டான், கையில் ஸ்டிக்கோடு. ஸ்டூலில் புது ஆள் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லல?" என்றான் கிட்டார்க்காரன்.

"சொன்னேன்டா. பஸ் ஸ்டாண்டுல சொன்னேன்," என்றேன்.

டிரம்மர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை நான் அவனைப் பார்த்துப் பேசியிருந்தேன். "அதுவா சொன்ன?" என்றான் மெதுவாக. "கீழ பாத்துகினு பேசின. ஒன்னும் வெளங்கல. மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சி. ஒன்னும் துன்னல போலன்னு வட வாங்கிக் குடுத்தேன்."

அவன் காது எப்படி இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. புது ஆள், பாவம், எழுந்து வழிவிட்டான். இவன் உட்காரவில்லை. படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாளே சதுரங்கப்பட்டினம் போனேன். பெரிய ஆம்ப் எப்போதோ விற்றுப்போயிருந்தது. அங்கிருந்து நேரே செங்கல்பட்டில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, அவன் முகத்துக்கு நேராக, உதட்டை நன்றாக அசைத்து, "வாடா. ஆம்ப தரையில வெக்கறேன். உனக்குப் பின்னாலயே வெக்கறேன். உன்னப் பாத்தே வாசிக்கறேன்," என்றேன்.

"கத்தாத, உள்ள அம்மா கீது," என்றான். வாசற்கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு சொன்னான்: "வேணாம் மச்சான். இதுவரிக்கும் தப்பா அடிச்சா தப்புன்னு திட்டினீங்க. இனிமே தப்பா அடிச்சா காதுன்னுவீங்க. சரியா அடிச்சா பாவம்னுவீங்க. அத வெச்சிகினு நான் எப்படி அடிக்கறது?"

நான் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.

அவன் இன்னும் அதே பிரஸ் ஷாப்பில்தான் இருக்கிறான். போனில் எழுத்தாக அனுப்பினால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். நான் ஒரு வருடத்தில் அந்தக் குழுவை விட்டேன். பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டு, இப்போது மாமல்லபுரத்திலேயே விடுதிகளுக்கு ஸ்பீக்கர் ஏற்றி இறக்கும் வேலை. இடுப்பு வலிக்கிறது. மெட்டல் வாசிக்கும் பையன்கள் தேடி வந்து, பேஸுக்கு எந்த ஆம்ப் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வாட், இஞ்ச், எடை, சவுண்டு மிக்ஸருக்குத் தனி வயர் போகிறதா என்பதெல்லாம் சொல்கிறேன். போனில் குறித்துக்கொள்கிறார்கள். கடைசியாக, "யாருக்குக் கேக்கணும்?" என்று கேட்பேன். "எல்லாருக்கும்தாண்ணா," என்கிறார்கள், இது என்ன கேள்வி என்பதுபோல. அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. என்னிடம் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.