காதர் பாய்க்கு என்ன லாபம்?

காதர் பாய் காலமான செய்தியை வாழவந்தி பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "ஏனுங்க, காப்பித்தூள் கடை பாய் விடியக்காலம் போயிட்டாருங்களாமா." நான் நம்பவில்லை. நேரில் பார்க்காத எதையும் நம்பாத புத்தி எனக்கு. ஏற்காட்டுக்குப் போய், கடை சாத்தியிருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மலைச் சிறு விவசாயிகளின் காப்பிக்கொட்டையை வாங்கி, வறுத்து அரைத்து விற்றவர் அவர். தொண்ணூறுகளில், காப்பி வாரியக் கட்டுப்பாடு தளர்ந்து, கொட்டையை நாங்களே வெளியில் விற்கலாம் என்றானபோது, ஐரோப்பாவிலுள்ள ஒரு காப்பிக் கம்பெனியிடமிருந்து எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இடையில் ஆளில்லாமல் நேரே வாங்குவார்களாம், நியாயமான விலை தருவார்களாம். முதலில் மாதிரி அனுப்பச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் சும்மா தருவானா என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த விலை கிடைத்தால், என் மகள் படிப்பை விட்டு எஸ்டேட் கூலிக்குப் போக வேண்டியதில்லை.

மாதிரியை வறுத்துப் பார்த்துச் சொல்ல, சங்கக் கூட்டத்துக்கு பாய் தாமாகவே வந்தார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கொட்டை கடல் தாண்டினால் அவர் கடைக்கு ஏது சரக்கு? இவர் ஏன் உதவ வருகிறார்?

மாதிரிக்கென்றே நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கிய கொட்டை அது. ஒரு சொத்தை கிடையாது. பாய் கையில் அள்ளிப் பார்த்தார்.

"மூட்டையெல்லாம் இதேதானுங்களா?"

"ஆமாங்க," என்றேன். நான் சங்கச் செயலாளர்.

"உங்க கொட்டை எனக்குத் தெரியாதுங்களா? மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்து அனுப்புங்க. மாதிரி ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னா அடுத்த வருசம் இந்த மலைப்பக்கமே திரும்ப மாட்டாங்க."

"உங்க யாவாரம் கெட்டுப்போகும்னுதானே ஆர்டரக் கலைக்கப் பாக்கறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் முகம் வாடியது. "நாயமான வெல கேக்கறோமுங்க. நாமளும் நாயமா இருக்கோணுமல்லங்க," என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது.

அவர் சொன்னபடியே மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பினோம். ஆர்டர் வந்தது. மறு வருஷமும் கேட்டார்கள். என் மகள் கல்லூரிக்குப் போனாள். பாய் வெளியூர்க் கொட்டையை வாங்கி அரைத்தார்.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார்: பச்சைக் கொட்டையாக ஏன் அனுப்ப வேண்டும், வறுத்துப் பொடியாக அனுப்பினால் கூடுதல் வருமானம் இங்கேயே தங்குமே என்று. அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். தம் பொடியைத் தள்ளிவிடத்தான் இவ்வளவும்!

"என் கடை வேண்டாமுங்க. சங்கமே மெசின் போடட்டும். வறுக்க நான் சொல்லித் தர்றேன்," என்றார்.

கடிதம் எழுதினோம். பச்சைக் கொட்டைக்கு இறக்குமதி வரி இல்லை, வறுத்ததற்கு உண்டு, அது தங்கள் நாட்டு அரசின் விதி என்று அங்கிருந்து பதில் வந்தது. பாய் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"கொட்டை பொறுக்கற வரைக்கும் நாம நல்லவங்க, வறுக்கப் போனா வரிங்களா? அப்புறம் ஏழை நாடு எப்படிங்க மேல வரும்? சந்தேகப்படோணும்னா இதச் சந்தேகப்படுங்க செயலாளரே, என்னை உட்டுடுங்க."

ஆனால் நான் விடவில்லை. அவர் காலமான மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், வெட்கமில்லாமல் அவர் மகனிடம் கேட்டேன்: "அத்தாவுக்கு எங்க ஆர்டர்ல ஏதாச்சும் கமிஷன் வந்துதுங்களா?"

மகன் கோபிக்கவில்லை. "இல்லீங்க. நீங்க நம்ம ஊட்டுக்கு வந்து இப்படிக் கேப்பீங்கன்னு அத்தா சொன்னாருங்க. கேட்டா, நொம்ப மரியாதையா உக்கார வெச்சு காப்பி குடுக்கச் சொன்னாருங்க," என்றார்.

குடித்து முடிக்கும்வரை என்னால் நிமிர முடியவில்லை. அழுதுவிட்டேன். இப்போது நம்புகிறேன், பாய். நிம்மதியாக உறங்குங்கள்.